லோரிக்குப் பயந்த ரஞ்சிதம்

ரஞ்சிதத்தைத் துணிச்சல்காரி என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு அவளைத் தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம். தோட்டத்து வரிசை வீடுகளான மேட்டு லயத்தில் அவளைப் போலப் பயந்தவள் ஒருத்தியும் இல்லை. அவளைச் சைக்கிளில் ஏற்றியதே பயம்தான்.

கொழுந்து குறையும் மாதங்களில் தேயிலைத் தோட்டத்தில் வேலை நாளும் குறையும். அப்போது லயத்துப் பெண்கள் பக்கத்து ஊர்களான கோலா தெர்லா, திரிங்காப்பில் உள்ள காய்கறி, பூப் பண்ணைகளுக்குக் கூலிக்குப் போவார்கள். வெறுங்கூடைகளோடு திரும்புகிற லோரிகள்தான் அவர்களை ஏற்றிப் போகும். கூடை மேல் உட்கார இடம் கிடைத்தவர்கள் உட்காருவார்கள். மற்றவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். எழுபத்தாறாம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு லோரி வளைவில் வழுக்கிப் பள்ளத்தில் சாய்ந்தது. பின்பக்கம் தொங்கிக்கொண்டிருந்த காளிமுத்து அதன் அடியில் போனான். கூடை மேல் இருந்த அவன் மனைவி ரஞ்சிதம் மெத்தென்ற ஒரு புதரில் போய் விழுந்தாள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

அதற்குப் பிறகு லோரிச் சத்தம் தூரத்தில் கேட்டாலே ரோட்டை விட்டு இறங்கி, கால்வாய்க்குள் நின்று, அது கடந்து போகும்வரை கண்ணை மூடிக்கொள்வாள். பண்ணைக்கு நடந்தே போனாள். நேரம் கழித்து வந்தவளுக்கு அரைநாள்தான் என்று பண்ணையில் சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் கம்போங் ராஜா ஊரிலிருந்த சைக்கிள் கடையில், குறுக்குக் கம்பி இல்லாத பழைய சைக்கிள் ஒன்று அவள் கண்ணில் பட்டது.

அந்தத் தோட்டத்தில் சமதரை என்றால் பந்துத் திடல் மட்டும்தான். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வாங்கிய சைக்கிளோடு அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். விழுந்தாள், எழுந்தாள். ஓட்டக் கற்றுக்கொண்ட பிறகும் பயம் போகவில்லை. ஏறும் முன் சைக்கிளைத் தள்ளி, பிரேக்கை அழுத்தி, நிற்கிறதா என்று பார்ப்பாள். வளைவு வந்தால் மணியடிப்பாள். ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள் அல்லவா, அந்தக் கொட்டகைக்குக் கீழே ரோடு வரை ஒரே இறக்கம். அதில் அவள் ஒருநாளும் ஓட்டியதில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டே போவாள்.

லோரி ஓட்டுகிற சாம்பசிவம் வேண்டுமென்றே வண்டியை மெதுவாக்கிக் கத்துவான்.

"என்னக்கா, சைக்கிள நீ கூட்டிட்டுப் போறியா, சைக்கிள் உன்னக் கூட்டிட்டுப் போவுதா? ஏறுக்கா! சைக்கிளையும் ஏத்திக்கிறேன் லா!"

ரஞ்சிதம் கால்வாய்க்குள் நின்றபடி, போ போ என்று கையை மட்டும் ஆட்டுவாள்.

அவள் மற்ற பெண்களைச் சைக்கிளுக்கு இழுத்தபோது உடம்புக்கு நல்லது, நேரம் மிச்சம் என்றெல்லாம் பேசவில்லை. தண்ணீர்க் குழாயடியில் ஒவ்வொருத்தியாகப் பிடித்து, "லோரியில ஏறாதடி. நான் பார்த்தவ" என்பாள். அவ்வளவுதான். அந்த முகத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை. முதலில் வந்தவள் பாஞ்சாலை, காளிமுத்துவின் தங்கை, கைக்குழந்தைக்காரி. அவளுக்குப் பின்னால் மணியம்மா வந்தாள். அப்புறம் இன்னும் சிலர். எழுபத்தொன்பதில் காலையில் பெண்கள் வரிசையாகச் சைக்கிளில் இறங்குவதைத் தொழிற்சாலையில் கணக்கெழுதும் கிராணியே ஜன்னலில் நின்று பார்ப்பார்.

பாஞ்சாலை மட்டும் அண்ணி சொன்னதில் பாதியைத்தான் கேட்பாள். வளைவில் மணியடிப்பாள். இறக்கத்தில் இறங்க மாட்டாள்.

"கால் வலிக்க மேட்டுல மிதிக்கிறோம். இறக்கத்துலதானே அண்ணி சொகம்!"

"விழுந்தா தெரியும் சொகம்."

"பிரேக்கு எதுக்கு வச்சிருக்கான்?"

அந்த ஆண்டு ஆயுதபூஜைக்குக் கோயில் முன்னால் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, மருந்தடிக்கிற பம்பு எல்லாம் வழக்கம்போல வரிசையாக வைக்கப்பட்டன. அந்த வரிசையில் முதன்முதலாகப் பெண்களின் சைக்கிள்களும் நின்றன. பூசாரி கற்பூரம் காட்டினார். ஹேண்டில்பாரில் சாமந்தி மாலை, மட்கார்டில் சந்தனப் பொட்டு. பூஜையில் வைத்ததை அன்று முழுக்கத் தொடக்கூடாது. மறுநாள் காலையில்தான் எடுக்க வேண்டும்.

மறுநாள் விடிந்தபோது மலையே தெரியாத பனிமூட்டம். ரஞ்சிதம் கோயிலுக்கு வந்தபோது மணியம்மா அங்கே மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"பாஞ்சாலை எங்கக்கா?"

"அவ அப்பவே போயிட்டாளே. பூவு சீக்கிரம் வெட்டணுமாம். பிள்ளைய ஆயாகிட்ட விட்டுட்டுப் போறேன்னா."

ரஞ்சிதம் தன் சைக்கிளை எடுத்தாள். வழக்கம்போல இரண்டடி தள்ளிப் பிரேக்கை அழுத்தினாள். சைக்கிள் நிற்கவில்லை. இன்னும் பலமாக அழுத்தினாள். பிரேக் கட்டை ரிம்மைத் தொட்டது. சக்கரம் கட்டைக்கு நடுவில் வழுக்கிக்கொண்டு சுற்றியது. குனிந்து ரிம்மைத் தடவினாள். விரல் பளபளவென்று வந்தது. முகர்ந்து பார்த்தாள். நல்லெண்ணெய்.

"யாருக்கா இதுல எண்ண போட்டது?"

மணியம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நான்தான். கத்திக்கெல்லாம் பூசிட்டு மிச்சம் இருந்துச்சு. கத்திக்குப் பூசுறோம், சைக்கிளு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சுன்னு எல்லாத்துக்கும் பூசி விட்டேன். ரிம்மு எப்படி மின்னுது பாரு! துரை காருகூட இப்படி மின்னாது."

"எல்லாத்துக்குமா?"

"பாஞ்சாலையோடதுக்குத்தான் ரெண்டு தடவ. அவ சைக்கிள்லதான் துரு அதிகம்."

ரஞ்சிதத்தின் கையிலிருந்த சைக்கிள் சரிந்து விழுந்தது. ஆயாக்கொட்டகை வரை பாதை லேசான ஏற்றம். பிரேக்கைத் தொடவே வேண்டியதில்லை. அதனால் பாஞ்சாலைக்குத் தெரிந்திருக்காது. கொட்டகையைத் தாண்டிய பிறகுதான் தெரியும். தெரியும்போது எதுவும் செய்ய முடியாது. அந்த இறக்கம் போய் முடிகிற இடம் லோரி ரோடு.

"யாரும் சைக்கிளத் தொடக்கூடாதுன்னு சொல்லு! தொடக்கூடாது!"

மணியம்மா ஏன் என்று கேட்டது அவள் காதில் விழவில்லை. கொட்டகைப் பக்கம் ஓடலாமா என்று திரும்பினாள். அதற்குள் பனிமூட்டத்துக்குள்ளிருந்து பாஞ்சாலையின் சைக்கிள் மணி கேட்டது. கொட்டகைக்குக் கீழே, முதல் வளைவு. இனி அவளைப் பிடிக்க முடியாது. பாதை மலையைச் சுற்றிச் சுற்றி இறங்குகிறது. கோயிலுக்குப் பின்னால் தேயிலைக்குள்ளே நேராக இறங்குகிற கொழுந்துக்காரிகளின் தடம் இருந்தது. ரஞ்சிதம் அதில் பாய்ந்தாள்.

செடிகள் ஈரம். சேலை கிளைகளில் சிக்கிக் கிழிந்தது. வழுக்கி உட்கார்ந்தபடியே கொஞ்ச தூரம் சறுக்கினாள். "பாஞ்சாலே! குதிச்சிடுடி!" என்று கத்தினாள். குரல் பனியில் நாலு நிரை தேயிலையைத் தாண்டவில்லை. மறுபடி மணி. இரண்டாம் வளைவு. இவ்வளவு சீக்கிரத்தில் யாரும் அங்கே வர முடியாது. உருண்டு வருகிற கல்தான் வரும். அடுத்து மணி நிற்காமல் அடித்தது. அது வளைவுக்காக அடிக்கிற மணி இல்லை. கையில் வேறு எதுவும் இல்லாதவள் அடிக்கிற மணி.

ரஞ்சிதம் ரோட்டில் வந்து விழுந்தாள். முழங்கை தேய்ந்திருந்தது. தோட்டப் பாதை ரோட்டில் சேரும் வாய் சற்றுத் தள்ளி இருந்தது. அப்போது கோலா தெர்லா பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது. கியரை மாற்றி மாற்றி மேட்டில் ஏறுகிற லோரி.

கால் தானாகக் கால்வாய்ப் பக்கம் போயிற்று. மூன்று வருஷமாகப் பழகிய கால். ஒரு காலைக் கால்வாய்க்குள் வைத்தும்விட்டாள். காளிமுத்துவை வெளியே எடுத்தபோது அவன் கை மட்டும் கயிற்றை விடாமல் இருந்தது. அந்தக் கை இப்போது கண்முன் வந்தது.

காலை எடுத்தாள். ரோட்டின் நடுவில் போய் நின்றாள். தலையில் கட்டியிருந்த துணியை உருவி இரண்டு கையாலும் விசிறினாள். பனிக்குள் முதலில் இரண்டு மஞ்சள் விளக்குகள் வந்தன. பிறகு கறுப்பாக ஒரு முகப்பு, அவள் தலைக்கு மேலே உயர்ந்து வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் நகரவில்லை. தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. அது தன் சத்தம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

பிரேக் கிறீச்சிட்டது. முகத்தில் சூடான காற்று அடித்தது.

"சாகறதுக்கு என் லோரிதான் கெடச்சுதா, கெழ..." தலையை நீட்டிய சாம்பசிவம் பாதியில் நிறுத்தினான். "ரஞ்சிதக்கா? நீயா? லோரி முன்னாலயா?"

மணிச் சத்தம் மேலிருந்து பாய்ந்து வந்தது. பனியைக் கிழித்துக்கொண்டு சைக்கிள் தோட்டப் பாதையிலிருந்து வெளியே வந்தது. பாஞ்சாலையின் வாய் திறந்திருந்தது. இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். லோரி நிற்காமல் வந்திருந்தால் எந்த இடத்தில் இருந்திருக்குமோ, அந்த இடத்தைச் சைக்கிள் குறுக்கே கடந்து ரோட்டின் மறுபக்கப் பள்ளத்துக்குள் போய் மறைந்தது. தகரம் நொறுங்குகிற சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

ரஞ்சிதத்தால் போய்ப் பார்க்க முடியவில்லை. லோரியை நிறுத்த நின்ற கால்கள் அந்தப் பள்ளத்தின் ஓரத்துக்குப் போக மறுத்தன. "நீ பாரு தம்பி. நீ போய்ப் பாரு" என்றாள். சாம்பசிவம் குதித்து ஓடினான். அவன் தலை பள்ளத்துக்குள் மறைந்தது.

"உசுரு இருக்குக்கா! கோசுக்குள்ள கெடக்கா! கைதான் போச்சு!"

முட்டைக்கோஸ் பாத்தியில் பாஞ்சாலை மல்லாந்து கிடந்தாள். தாடையில் ரத்தம். இடது கை மணிக்கட்டுக்கு மேல் கோணலாகத் திரும்பியிருந்தது. அண்ணியைப் பார்த்ததும் அழத் தொடங்கினாள். "பிரேக்கு புடிக்கல அண்ணி. அமுக்கினேன் அண்ணி. எம்மாம் அமுக்கினேன்."

"தெரியும்டி. தெரியும்."

தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போக லோரியை விட்டால் வேறு வழி இல்லை. சாம்பசிவம் பாஞ்சாலையைத் தூக்கி முன்சீட்டில் வைத்தான். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ரஞ்சிதத்தைப் பார்த்தான். அந்த ஒரு தடவை அவன் கேலி பேசவில்லை. அவள் ஏறினாள். ஒவ்வொரு வளைவிலும் பாஞ்சாலையின் நல்ல கையை அவள் இறுக்கிய இறுக்கில், உடைந்த கையைவிட இதுதான் வலிக்கிறது என்று பாஞ்சாலை முனகினாள்.

சாயங்காலம் ரஞ்சிதம் லயத்துக்குத் திரும்பியபோது எல்லாரும் வெளியில் நின்றார்கள். மணியம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பாஞ்சாலையின் கணவன் சின்னையா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். மற்றவர்கள் பேசினார்கள்.

"பொம்பளைக்கு எதுக்கு சைக்கிளு?"

"இனிமே எல்லாரும் லோரியிலயே போங்க."

"ஆரம்பிச்சு வச்சவளே முடிச்சு வைக்கட்டும்."

சைக்கிள்கள் இன்னும் கோயில் முன்னால்தான் நின்றன. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக்கே எல்லாம் கம்போங் ராஜா கடைக்குப் போய்விடும். அந்த வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. பாஞ்சாலையைக் கூட்டி வந்தவள் அவள்தான். இனி யார் விழுந்தாலும் அது அவள் கணக்கில்தான் சேரும். ஆனால் நாளைக் காலையில் இவர்களெல்லாம் லோரியின் பின்பக்கம் கயிற்றைப் பிடித்துத் தொங்குவதை நினைத்தாள். அந்த லோரி வழுக்கினால் பிடிக்கிறதுக்கு இவர்கள் கையில் பிரேக்கே இருக்காது.

"மணியம்மாக்கா," என்றாள். "அழுதது போதும். வெந்நி வை. சவுக்காரமும் அடுப்புச் சாம்பலும் கொண்டா."

மணியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். சின்னையா பிள்ளையை இறக்கிவிட்டு, ஒரு பழைய சாக்கை எடுத்துக்கொண்டு வந்தான். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். மூன்று தடவை கழுவினார்கள். கட்டைகளைக் கழற்றிப் புதிதாகப் போட்டார்கள். ஒவ்வொரு சைக்கிளையும் ரஞ்சிதம் தள்ளிப் பார்த்தாள், அழுத்திப் பார்த்தாள், விரலால் தடவி முகர்ந்து பார்த்தாள்.

"அப்ப நாளைக்கு எதுல போறது?" என்று மணியம்மா மெதுவாகக் கேட்டாள்.

"சைக்கிள்லதான். நான் முன்னால போறேன். கொட்டகைக்குக் கீழ நான் இறங்கின எடத்துல எவளாச்சும் இறங்கலைன்னா, அப்புறம் அவ என்கூட வர வேணாம்."

மறுநாள் காலையிலும் அதே மூட்டம். ரஞ்சிதம் சைக்கிளை இரண்டடி தள்ளி, பிரேக்கை இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு ஏறினாள். கொட்டகையைத் தாண்டியதும் இறங்கினாள். பின்னால் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஒரு சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது, ஒரு ஜோடிக் கால் தரையில் ஊன்றியது. பிறகு இன்னொன்று. எல்லாச் சத்தமும் கேட்டு முடிகிறவரை நின்றுவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கத் தொடங்கினாள்.