மீரான் வாசித்த நாற்பத்தொரு நிமிடங்கள்

"ஆண் குரல். கவிதை வாசிப்பு, பார்வையாளர் முன்னிலையில். இடம்: கம்பம், தென்னிந்தியா. மொழி: தமிழ். நீளம்: 41 நிமிடம்." டேனிஷ் மொழியில் தட்டச்சு செய்த அட்டையில் இருந்தது இவ்வளவுதான். நான் வசிக்கும் டென்மார்க் நகரத்தில் ஒரு சிறிய ஒலிக் காப்பகம் இருக்கிறது. வியாழக்கிழமை மாலைகளில் அங்கே போய், தமிழ் ஒலிநாடாக்களில் யார் பேசுகிறார்கள், எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கேட்டு எழுதிக் கொடுப்பேன். சம்பளம் கிடையாது. காபி உண்டு. எண்பதுகளில் இந்தியாவைச் சுற்றிவந்த டேனிஷ் ஆசிரியை ஒருவர் போன இடமெல்லாம் கேசட்டில் பதிந்திருக்கிறார். அவர் இறந்தபின் பெட்டிகள் காப்பகத்துக்கு வந்தன. என் ஊரான சின்னமனூரிலிருந்து கம்பத்துக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அந்தப் பெயரை இங்கே ஒரு அட்டையில் படித்ததைக் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொண்டேன்.

இங்கே கவிதை வாசிப்புகளுக்குப் போயிருக்கிறேன். பரீட்சை எழுதுகிறவர்களைப் போல உட்கார்ந்திருப்பார்கள். ஒருமுறை முன்வரிசைப் பெண் மிட்டாய்த் தாளைப் பிரித்தபோது நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கவிஞர் புத்தகத்தை மூடியபின் எல்லாரும் சேர்ந்து கைதட்டுவார்கள். முதல் வருடம் எனக்கு மூச்சு முட்டியது. அப்புறம் பழகிவிட்டது. பழகியதால் என்ன ஆயிற்று என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காப்பகத்தில் ஒலியைக் கணினிக்கு மாற்றுகிறவர் பிர்கிட். ஐம்பது வயதிருக்கும், வேலையில் பழுது வைக்காதவர். அவர் தந்த ஒலிக்கோப்பைக் கேட்டேன். ஒலிபெருக்கியில் ஒருவர் அறிவிக்கிறார்: "அடுத்து வாறவுக நம்ம ஏலக்காக்கடை மீரான் பாய்." பிறகு நிதானமான ஒரு குரல். கவிதை மலையைப் பற்றியது. அதில் இரண்டு வரி:

மேகம் அந்தப் பக்கம், வயல் இந்தப் பக்கம்;
நடுவிலே நிற்கிறது மலை, தரகு கேட்காமல்.

ஏலக்காய் வியாபாரி எழுதிய வரி என்பது தெரிந்தது. பெயரும் கடையும் கிடைத்த பிறகு கம்பத்தில் ஆளைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. பள்ளி நண்பன் ஒருவன் அரைநாளில் எண் வாங்கிக் கொடுத்தான். மீரான் காலமாகிவிட்டார். மகன் சிக்கந்தர் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறார், என்னைவிட இளையவர். தகப்பனாரின் கவிதை நோட்டு நான்கையும் அச்சுக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். கோப்பை அனுப்பினேன். நல்ல காரியம் செய்தோம் என்ற நினைப்பில் அன்று கொஞ்சம் கூடுதலாகவே நடந்தேன்.

மறுநாள் அழைத்தார்.

"அண்ணே, கேட்டேன்."

"எப்படி இருந்துச்சு?"

"அத்தா சாகுற வரைக்கும் சொன்னாகண்ணே, அன்னைக்குச் சனம் என்னைய மேடைய விட்டு எறங்க விடலன்னு. இதுல ஒருத்தன் இருமக்கூட இல்லையே."

"அமைதியாக் கேட்டிருக்காக தம்பி. மரியாதைதானே?"

"அமைதியாவா? கம்பத்துலயா?" சிரித்தார். அது நல்ல சிரிப்பு இல்லை. "நீங்க ஊர விட்டுப் போயி எம்புட்டு நாளாச்சு?"

பத்தொன்பது வருடம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே பேசினார்: "தரகு கேக்காத மலைன்னு படிக்கிறாக. அதுக்கே ஒரு பய சிரிக்கல. நோட்டு நாலையும் பிரஸ்ல இருந்து காலையில திரும்ப வாங்கிட்டு வந்துட்டேன். அவுக பேர ஊருக்குள்ள கேலி ஆக்க வேணாம்."

அவர் சொன்னது சரி. எங்கள் பக்கத்துக் கவியரங்கத்தில் மௌனம்தான் ஆகப் பெரிய தண்டனை. கல்லூரி முதலாண்டில் உத்தமபாளையத்தில் ஒரு கவியரங்கம் கேட்டேன். ஒரு வரியை ஒருமுறை சொல்லிவிட்டு எந்தக் கவிஞரும் அடுத்த வரிக்குப் போகவில்லை. சொல்வார், நிறுத்துவார், கூட்டம் அதை வாங்கிக்கொண்டு ஏதாவது திருப்பித் தரும். பிறகு அதே வரியை மீண்டும் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். வரி பிடித்துவிட்டால் மூன்றாம் தடவையும் கேட்பார்கள். ஒரு கவிஞரைக் கூட்டத்துக்குப் பிடிக்கவில்லை. அவர் பாதியில் இருக்கும்போதே மேடைக்கு டீ போய்விட்டது. டீ வந்தால் முடித்துக்கொள்ள வேண்டும் என்று பொருள். அவரும் குடித்துவிட்டு இறங்கினார். அப்போதுகூட யாரும் சும்மா இருக்கவில்லை, "சர்க்கர போதுமாண்ணே?" என்று ஒருவர் கேட்டார்.

இதெல்லாம் தெரிந்த நான், மீரானின் வரிகள் ஒவ்வொன்றும் ஒரே ஒருமுறை ஒலித்ததையும், அடுத்து யாரும் வாய் திறக்காததையும் இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். எதுவும் குறைவதாகத் தோன்றவில்லை. சிக்கந்தர் கேட்ட கேள்விக்குப் பிறகுதான் அட்டையை எடுத்துப் பார்த்தேன். நாற்பத்தொரு நிமிடம். என்னிடம் இருந்த கோப்பு இருபத்து நான்கு.

அடுத்த வியாழன் வரை காத்திருக்கவில்லை, மறுநாளே போனேன். பிர்கிட் முகம் மலர்ந்தது.

"கவனித்தீர்களா? மூன்று வாரம் அதில் உட்கார்ந்தேன். மோசமான பிரதி. ஒவ்வொரு வரியும் இரண்டு தடவை, சிலது மூன்று தடவை விழுந்திருந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்."

"கூட்டத்தின் சத்தம்?"

"ஸ்டொய்," என்றார். இரைச்சலுக்கு இங்கே அதுதான் சொல். "அதையும் எடுத்துவிட்டேன். பாவம், அவரைப் பேசவே விடவில்லை."

"அவர்களுக்கு அவரைப் பிடித்திருந்தது பிர்கிட்."

"பிடித்திருந்தால் ஏன் குறுக்கே பேச வேண்டும்?"

எனக்குத் தெரிந்த டேனிஷில் விளக்கினேன். மூன்று வார உழைப்பைத் தப்பு என்று சொல்ல வந்திருக்கிறேன் என்பது எனக்கும் சங்கடமாக இருந்தது. பிறகு பிர்கிட் எழுந்துபோய்த் தொடாத மூலக் கோப்பைத் திறந்து, இரண்டு காதுப்பொறிகளில் ஒன்றை என்னிடம் தந்து, இன்னொன்றைத் தான் மாட்டிக்கொண்டார்.

தரகு வரி வந்தது. சிரிப்பு வெடித்தது. அதன் மேல் ஒரு குரல்: "ஏலே, கம்பத்துல தரகு வாங்காத ஒரே ஆளு மலதான்டா!" இன்னொருவர்: "நீங்க மட்டும் விட்டுருவீகளாக்கும் பாய்?" மீரானும் சிரித்துவிட்டு, "எனக்கு மலையளவு மனசு இல்லப்பா" என்கிறார். வரியை மறுபடி சொல்கிறார். "இன்னொருக்கா!" என்கிறார்கள். மூன்றாவது முறையும் சொல்கிறார். கடைசிப் பகுதியில் யாரோ மைக்கை வாங்கி, மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் பாசனத் தண்ணீர் திறந்துவிட்டார்கள், வயல் வேலை இருக்கிறவர்கள் கிளம்பலாம் என்று அறிவிக்கிறார். உடனே தூரத்திலிருந்து ஒருவர் கத்துகிறார்: "தண்ணி எங்கயும் ஓடிப்போயிறாது! நீங்க படிங்க பாய்!"

அவர்கள் பேசியதை ஒவ்வொன்றாக பிர்கிட்டுக்கு மொழிபெயர்த்தேன். தண்ணீர் விஷயம் மட்டும் அவருக்குப் புரியவில்லை. விவசாயிகள், வருடம் முழுக்கக் காத்திருந்த தண்ணீர், அதை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்றேன். அதைத் தாளில் எழுதிக்கொண்டார். தான் நறுக்கிய கோப்புக்கு 'பயன்படுத்த வேண்டாம்' என்று பெயர் மாற்றினார்.

முழுக் கோப்பை அனுப்பி இரண்டு நாள் சிக்கந்தரிடமிருந்து சத்தமில்லை. மூன்றாம் நாள் அழைத்தபோது பின்னால் பட்டறையில் ஏதோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"பட்டறையில போட்டு விட்டேண்ணே. வந்தவன் போனவன் எல்லாம் நின்னு கேட்டான். மோட்டார் வாங்க வந்த பெருசு ஒண்ணு, 'இன்னொருக்கா'ன்னு டேப்புக்கிட்டயே கேக்குது." பிறகு, "நோட்ட பிரஸ்ல குடுத்துட்டேன். முன்னுரை நீங்கதான் எழுதணும். வருசம் போட்டுருங்க" என்றார்.

வருடம்தான் இல்லை. லோயர் கேம்ப்பில் தண்ணீர் திறப்பது பெரும்பாலும் ஜூன். ஆனால் மழை பின்தங்கிய வருடங்களில் தள்ளிப்போயிருக்கிறது. சிக்கந்தர் ஒரு வருடம் சொன்னார்: தங்கை பிறந்த வருடம், வாசித்துவிட்டு அத்தா மேடையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார்களாம். தங்கையின் பள்ளிச் சான்றிதழைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். அவர் சொன்ன வருடத்துக்கு முந்தைய வருடம், ஜூன் மாதம் என்று இருந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் வயதைக் கூட்டி, ஜூன் என்று தானே போட்டுக்கொள்வது சாதாரணம். அதை ஆதாரமாகக் கொள்ள முடியாது என்றேன்.

"ஏண்ணே, புத்தகத்துல வருசம் தெரியலன்னு போட்டா நல்லாவா இருக்கும்? அத்தா சொன்னாக. போடுங்க."

போட்டேன். போன மாதம் புத்தகம் தபாலில் வந்தது. முன்னுரையில் அந்த வருடம் எண்ணில் இருக்கிறது. கீழே என் பெயர், அதற்குக் கீழே சின்னமனூர். அதே வாரம் காப்பகத்தில் முழுக் கோப்புக்குப் புதிய பதிவுத்தாள் நிரப்பினோம். நாள் என்ற கட்டத்துக்கு வந்ததும் பிர்கிட் பேனாவோடு என்னைப் பார்த்தார். 'ஜூனாக இருக்கலாம்' என்று சொன்னேன். ஆண்டுக்கு ஒரு கோடு இழுக்கச் சொன்னேன். கீழே என் பெயர், அதற்குக் கீழே நான் குடியிருக்கும் இந்த நகரத்தின் பெயர். இரண்டு கையெழுத்தும் என்னுடையவை. மீரான் எந்த ஆண்டு வாசித்தார் என்பது இதை எழுதும் நாள்வரை சரிபார்க்கப்படவில்லை.