இடது கையில் கடல்

மச்சாளின் பச்சை லேடீஸ் சைக்கிளுக்கு மணி கிடையாது. ஆராவது குறுக்கே வந்தால், சிங்களத்தில் அண்ணன்மாரைக் கூப்பிடுகிறமாதிரி, "அய்யே, ஓரம்" என்று வாயாலேயே மணி அடிப்பார். மச்சாள் என்றது என் அண்ணையின் மனைவியை. சண்டைக் காலத்தில் நான் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி, ஒரு காலை கொழும்பு வெள்ளவத்தையில் அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். நகரத்தின் மற்றத் தொங்கலில், கொட்டாஞ்சேனையில் என் தங்கச்சி இருந்தாள். யாழ்ப்பாணப் பாதையைச் சண்டையில் பூட்டின நாள்முதல் அவள் முகத்தை நான் காணவில்லை. அன்றிரவு அவள் கனடாவுக்குப் பறக்கிறாள்.

பஸ்களை எல்லாம் செக்கிங்கில் மறித்துவிட்டார்கள். மச்சாள் பச்சைச் சைக்கிளை எனக்குத் தந்து, தனக்குப் பக்கத்து வீட்டில் ஒன்று இரவல் வாங்கினார்.

"எனக்குச் சிங்களப் போர்டு வாசிக்கத் தெரியாது மச்சாள். உங்களைத் தவறவிட்டால்?"

"கடல் இடது கையில இருக்குமட்டும் வழி பிழைக்காது. மிதியுங்கோ."

சைக்கிள் ஓட்டத்தில் நான் ஒருவருக்கும் குறைந்தவளில்லை. மிதித்தேன். கடற்பக்கம் இறங்கும் ஒவ்வொரு ஒழுங்கை முடிவிலும் ஒரு துண்டுக் கடல் நீலமாக நின்றது. காலிமுகத்திடலில் அந்தத் துண்டெல்லாம் ஒன்றாகி விரிந்தபோது எனக்கு மூச்சு நின்றுவிட்டது. எங்கள் ஊரில் கடலுக்குப் போகவே ஆமியிடம் பாஸ் வேண்டும். இங்கே சனம் பட்டம் விட்டது. ஒருவன் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இறால் வடை தின்றான்.

அப்போதுதான் ரோட்டோர ஆமிக் காவலரணை, சென்றியைக் கண்டேன். கால் தானாக இறங்கியது. யாழ்ப்பாணத்தில் சென்றியை இறங்கி உருட்டித்தான் கடக்க வேண்டும். இங்கே எல்லாரும் சைக்கிளில் இருந்தபடியே ஓடிப் போனார்கள். நான் ஒருத்திதான் உருட்டினேன். ஆமிக்காரன் கூப்பிட்டு, அடையாள அட்டையில் ஊரைப் பார்த்தான். பிடித்து வைத்தால் தங்கச்சி போய்விடுவாள்.

மச்சாள் திரும்பி வந்தார். "ஆர் உங்களை இறங்கச் சொன்னது?"

"சென்றிக்கு முன்னால சைக்கிள் ஓடிக்கொண்டு போறதோ?"

அது அவனுக்கு விளங்கிவிட்டது. "நான் யாழ்ப்பாணத்தில இருந்தது," என்றான் உடைந்த தமிழில். "அங்க இறங்கு. இங்க வேணாம் அம்மா. ஏறு."

எங்களை இறக்கியவர்களில் ஒருவன், என்னை ஏறச் சொன்னான். அவன் பார்த்திருக்க நிமிர்ந்தபடி ஏறினேன். அந்த அதிசயம் எனக்கு இன்னும் தீரவில்லை. கொட்டாஞ்சேனையில் தங்கச்சியைக் கட்டிப்பிடித்தபோது, "அக்கா, வேர்வை மணக்குது," என்று அழுதாள்.

மச்சாள் இப்போது இல்லை. போன கிழமை வெள்ளவத்தைக்கு வந்தபோது, அண்ணை பச்சைச் சைக்கிளுக்குக் காற்றடித்துத் தந்தார். அதிலேறி ஒழுங்கை முடிவுக் கடல்வரை ஓடினேன். நடுவில் ஒரு நாய் படுத்திருந்தது. இறங்க எனக்கு மனமில்லை.

"அய்யே, ஓரம்," என்றேன். எழும்பி வழி விட்டது.