ஆட்டுக்கல் நின்ற இடம்

எழுத்தாளர் ஹேமவல்லி காலமான செய்தி எனக்குத் தண்ணீர்க் குழாயடியில் வந்தது. கொண்டுவந்தவள் பாக்கியத்தக்கா. எங்கள் தாராவிச் சந்திலிருந்து மாட்டுங்காவுக்கு நடந்து போய்ப் பாத்திரம் துலக்குகிறவள்.

"ஏட்டி, ஒன் கதைக்கார மாமி போயிட்டாவளாம். காலைல காப்பி கேட்டிருக்காவ. கொண்டு வாரதுக்குள்ள உசுரு இல்லியாம்."

என் குடம் நிறைந்து வழிந்தது. நான் நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் ஏசினார்கள். "காலி பீலி சும்மா நிக்காதட்டி! அழணும்னா வீட்டுல போய் அழு, கொடத்த எடு."

நான் அழவில்லை.

மாட்டுங்கா வாசகசாலையில் மாமியின் நினைவாகக் கையெழுத்துப் பத்திரிகையின் ஓர் இதழைக் கொண்டுவருகிறார்கள். அவர் வீட்டில் வேலை பார்த்தவள் என்று என்னையும் எழுதச் சொன்னார்கள். "நாலு நல்ல வார்த்தை எழுதும்மா" என்றார் அங்கிருந்த பெரியவர். நான் முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் ஏழாவதோடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்குப் பேச வராது. எழுதினால் அப்படி இல்லை. மாமியின் காதல் கதைகளை வாராவாரம் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள் நீங்கள். அந்தக் கதைகள் எப்படி உண்டாயின என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். பார்த்ததை எழுதுகிறேன்.

மாமி காலையில் பால்கனியில் பிரம்பு நாற்காலி போட்டு உட்காருவார். வெக்கைக்காகக் கால்கள் இரண்டும் தண்ணீர்த் தொட்டியில் இருக்கும். மடியில் பலகை, பலகைமேல் காகிதம். கீழே பஸ் நிறுத்தம். அங்கே ஒரு ஜோடி வந்து நின்றால் என்னைக் கூப்பிடுவார். என் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டதில்லை. "ஏ பொண்ணே, போய் நின்னுட்டு வா." நான் ஒரு துணிப்பையோடு இறங்கிப்போய், பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல் அவர்கள் அருகில் நிற்க வேண்டும். எனக்குக் கூசும். ஒருநாள் மாட்டேன் என்று தலையாட்டினேன். மாமி சிரித்தார். "உன்னை யாருடி பார்க்கப் போறா? நீ இருக்கறதே தெரியாது. உன்கிட்ட இருக்கற ஒரே யோக்யதை அதான்."

திரும்பி வந்ததும் கேள்வி.

"என்னடி பேசிண்டா?"

"மராட்டியில பேசுனாவ மாமி. வெங்காயம் வெல ஏறிட்டுன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு."

"வெங்காயம் கிடக்கட்டும். கால்? காதலிக்கிறவா மூஞ்சியைப் பார்க்காதேன்னு சொல்லியிருக்கேனோல்லியோ? மூஞ்சி பொய் சொல்லும். காலைப் பாரு."

"வெறுங்காலோட நின்னாரு மாமி. தரை சுடுதுன்னு அந்தப் பொண்ணு நெழல்ல கால வச்சிருந்தாரு."

மாமி அதற்குமேல் என்னைப் பார்க்கவில்லை, எழுத ஆரம்பித்துவிட்டார். அவள் நிழலில் அவன் கால் வைத்த வரி அச்சில் வந்தபோது உங்களில் பலர் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். தபால்காரர் கொண்டுவந்த கடிதங்களை வாசலில் வாங்கி உள்ளே கொடுத்தது நான்தான்.

இன்னொரு நாள் நடந்ததையும் சொல்ல வேண்டும். நான் கூட்டிக்கொண்டிருந்தேன். மாமி திடீரென்று வந்து, "வெள்ளி ஸ்பூன் எங்கே?" என்றார். தெரியாது என்றேன். "எடுத்திருக்கே. முழியே சொல்றது. உங்கம்மாவைக் கூட்டிண்டு வா, அவ முன்னாடி கேக்கறேன்" என்றார். எனக்கு அழுகைதான் வந்தது. மாமி மிக அருகில் நின்று குனிந்து, என் முகத்தையும் நான் பாவாடையைக் கசக்கியதையும் கவனித்துக்கொண்டிருந்தார். நான் விக்கத் தொடங்கியதும் பால்கனிக்குப் போய்விட்டார். வெகுநேரம் கழித்து அங்கிருந்தே குரல் கொடுத்தார். "ஸ்பூன் அலமாரியிலதான் இருக்கு. போ, மூஞ்சி அலம்பிக்கோ. நன்னா வந்திருக்கு."

நன்றாக வந்தது அவருடைய அத்தியாயம். மாமனார் வீட்டில் திருட்டுப் பட்டம் கட்டப்பட்ட மருமகள் அழும் அத்தியாயம் அது. உங்களுக்கு நினைவிருக்கும்.

எழுதியதைச் சோதிப்பதற்கு மாமி ஒரு வழி வைத்திருந்தார். நான் சமையலறையில் மாவாட்டும்போது, ஆட்டுக்கல்லுக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து எழுதியதை வாசிப்பார். குழவி ஓடிக்கொண்டே இருந்தால் அந்த வரியை அடித்துவிடுவார். என் கை தன்னையறியாமல் நின்றுவிட்டால் ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பார். "கை நின்னா வரி நிக்கும்" என்பார். என் அபிப்பிராயத்தை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. என் கை மட்டும் அவருக்குப் போதும்.

இனி என் அக்காவைப் பற்றி. அவள் பெயர் செல்லக்கனி. எனக்கும் சேர்த்துப் பேசுகிறவள். வீட்டிலிருந்தபடி சட்டைகளுக்குப் பொத்தான் தைப்பாள். அடுத்த சந்தில் தோல் பட்டறையில் வேலை பார்த்த அந்தோணிக்கும் அவளுக்கும் பழக்கம். எனக்கு மட்டும் தெரியும். அவர் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். எங்கள் அய்யா காதில் விழுந்தால் அக்காவை அன்றைக்கே ஊருக்கு ரயிலேற்றிவிடுவார். அங்கே அத்தை மகன் ஒருவன் இருந்தான். அந்தோணி அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். வேலையும் குடியிருக்க ஒரு கோலியும் கிடைத்தவுடன் இரண்டு பேரும் அங்கே போய்க் கல்யாணம் செய்துகொள்வதாகப் பேச்சு. ஒற்றை அறைதான், ஆனால் கதவுள்ள அறை என்று அக்கா சொல்வாள். அதுவரை யாருக்கும் தெரியக் கூடாது. அவர்களுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அந்தோணி பட்டறையில் மீந்த தோல்துண்டுகளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றி அக்காவுக்கு ஒரு ஜோடிச் செருப்பு தைத்துக் கொடுத்திருந்தார். கடையில் வாங்கியதாக அக்கா வீட்டில் சொன்னாள். எங்கள் சந்தில் பச்சைச் செருப்பு வேறு யாரிடமும் இல்லை.

எனக்குக் காய்ச்சல் வந்தபோது எனக்குப் பதிலாக அக்கா மாமி வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போதே குதூகலம்.

"நல்ல மாமிட்டி! பக்கத்துல உக்கார வச்சு, காப்பி ஆத்தித் தந்தாவ. எம்புட்டு அன்பா கேக்காவ! அவுகளுக்கா பயப்படுத நீ?"

"என்னக்கா கேட்டாவ?"

"மனசுல யாரும் இருக்கானான்னாவ. எனக்குன்னு சொல்லலட்டி. ஒரு சிநேகிதி கதைன்னு சொன்னேன். பேரையும் மாத்திட்டேன்."

"செருப்பப் பத்திச் சொன்னியா?"

"அதச் சொல்லாம என்ன கதை?"

"கால்ல என்ன போட்டுட்டுப் போன?"

அக்கா குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

காய்ச்சல் விட்டு நான் வேலைக்குத் திரும்பியபோது மாமி புதுத் தொடர் தொடங்கியிருந்தார். நான் மாவாட்டினேன், அவர் வாசித்தார். "பச்சைத் தோலில் அவன் தைத்துத் தந்த செருப்பு. அதை அணிந்து நடக்கும்போதெல்லாம் அவன் உள்ளங்கைகளின் மேல் நடப்பதாக அவளுக்குத் தோன்றும்." என் கை நின்றுவிட்டது.

"நின்னுடுத்து!" என்று மாமி குழந்தைபோலக் கூவினார். "பாரு, நின்னுடுத்து!" ஒரு புள்ளிக்கு மூன்று புள்ளி வைத்தார்.

மறுநாள் முழுவதும் தைரியம் சேர்த்து, சமையலறை வாசலில் நின்று கேட்டேன். "மாமி, அந்தச் செருப்ப மட்டும் மாத்திருங்க. எங்க சந்துல அக்காவ எல்லாருக்கும் தெரியும். அய்யாவுக்குத் தெரிஞ்சா அவள ஊருக்கு அனுப்பிருவாவ."

"பேரை மாத்தியாச்சு. ஊரை மாத்தியாச்சு. அவ இப்போ கோயமுத்தூர்ப் பொண்ணுடி, உங்க அக்கா எங்கே வந்தா? பூவும் கைக்குட்டையும் எல்லாரும் எழுதித் தேஞ்சு போச்சு. இது எனக்குன்னு கிடைச்சது. இதை எடுத்துட்டா கதையில என்ன இருக்கு?" பிறகு என் முகத்தைப் பார்த்து ஆறுதல் சொல்வதாக நினைத்துச் சொன்னார்: "உங்க சந்துல யாருக்குடி தமிழ் வாசிக்கத் தெரியும்?"

அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. படித்து முடித்த வாரப் பத்திரிகையை அவர் என்னிடம்தான் கொடுப்பார். தண்ணீர் வரும்வரை குழாயடியில் காத்திருக்கும் பெண்களுக்கு நான் அதை வாய்விட்டு வாசிப்பேன். பேச வராத எனக்கு வாசிக்க மட்டும் வரும்; காகிதம் முகத்தை மறைத்துக்கொள்ளும். ஒரு பிரதியை ஒரு சந்தே கேட்கும். வாசிக்க மாட்டேன் என்று சொல்லவும் வழியில்லை. பெண்கள் அதை டீக்கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் எழுத்துக் கூட்டி, ஒன்றுவிடாமல் வாசித்துவிடுவார்.

ஆகவே நானே வாசித்தேன். செருப்பு வந்த இடத்தில் குடை என்றேன். அவன் அவளுக்கு ஒரு கறுப்புக் குடை தந்தான். அதன் கீழே நடந்தால் அவன் கை தலைக்குமேல் இருப்பதாக அவளுக்குத் தோன்றும். பெண்கள் சொக்கிப்போனார்கள்.

"எம் புருசனும் ஒரு குடை தந்தாரு" என்றாள் ஒருத்தி. "கம்பிதான் இருந்துச்சு, துணியக் காணும்."

"நீ அதையும் வச்சிருக்கியே, அதச் சொல்லு!"

கூட்டத்தில் குடமும் கையுமாக நின்ற அக்காதான் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தாள். ஒரு குடைக்காக அதற்குப் பின்வந்த எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. வெயில் வரும் இடங்களில் மழையைக் கொண்டுவந்தேன். செருப்பின் வார் அறுந்த அத்தியாயத்தில் குடை காற்றில் திரும்பிக்கொண்டது. அக்காவிடம் செருப்பைக் கழற்றி வை என்று கெஞ்சினேன். "புதுசாக் கழட்டுனாத்தான் சந்தேகம் வரும்" என்றாள்.

பாக்கியத்தக்கா பொல்லாதவள் இல்லை. மாட்டுங்காவில் அவள் பாத்திரம் துலக்கும் வீட்டுக்காரம்மா அதே தொடரைப் படித்து, அவளிடம் கதையைச் சொல்லியிருக்கிறார். ஒருநாள் நான் வாசித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் கேட்டாள். "என்னட்டி குடை குடைங்க? எங்க வீட்டுக்காரம்மா செருப்புன்னுல்லா சொன்னாவ. பச்சச் செருப்பாம்லா. தோல் பட்டறக்காரன் தச்சுக் குடுத்தானாம்."

ஒருவரும் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவள் காலைப் பார்த்தார்கள். மாமி சொன்னது உண்மைதான். கால் பொய் சொல்லவில்லை.

பாக்கியத்தக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. பேச்சு காதுக்கு எட்டிய அந்த வாரமே அய்யா அக்காவைத் தாதர் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அம்மாவும் நானும் பின்னால் போனோம். அக்கா வழியெல்லாம் பேசவில்லை. அவள் பேசாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஊரில் அவளுக்கு அத்தை மகனோடு கல்யாணம் முடிந்தது. அந்தோணிக்கு அம்பர்நாத்தில் வேலை கிடைத்தது, கோலியும் கிடைத்தது. தனியாகப் போனார்.

மாமியிடம் போய்ச் சொன்னேன். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தெரியும். ஆனாலும் அவருக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். மாமி பேனாவைக் கீழே வைத்தார். கண்கள் பளபளத்தன. ஒரு நிமிஷம் அழுகிறார் என்றுகூட நம்பினேன். பிறகு கேட்டார்.

"ரயில் ஏறச்சே அந்தச் செருப்பைப் போட்டுண்டிருந்தாளா?"

நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

கடைசி அத்தியாயத்தில் அவருடைய கதைப் பெண் செருப்பைக் கழற்றி நடைமேடையில் வைத்துவிட்டு ரயில் முன்னால் விழுந்தாள். "கல்யாணத்துல முடிச்சா வாசகி புஸ்தகத்தை மூடிட்டுச் சமைக்கப் போயிடுவா. செத்தாத்தான் ஒரு வாரம் சாம்பார்ல உப்பு மறப்பா" என்பது மாமியின் கொள்கை. நீங்கள் உப்பு மறந்தீர்கள். எங்கள் குழாயடிக்கு மாட்டுங்கா வழியாக முடிவு முன்பே வந்துவிட்டதால் அதை வாசிக்கவே விடவில்லை. "அந்த மாமி கதைய அவளே வச்சிக்கிடட்டும். நீ குடைக் கதையச் சொல்லுட்டி" என்றாள் பாக்கியத்தக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. காகிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சொன்னேன். மழையில் ஒரு ஸ்டேஷனில் இரண்டு பேரும் இறங்கினார்கள், குடையை விரித்தார்கள், கதவுள்ள ஓர் அறையை நோக்கி நடந்தார்கள் என்று சொன்னேன். முகத்துக்கு முன்னால் காகிதம் இல்லாமல் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

வேலைக்கு வேறு வீடு கிடைக்காததால் மாமி வீட்டிலேயே இருந்தேன். அவர் அடுத்த தொடரை எழுதினார், முக்காலியில் உட்கார்ந்து வாசித்தார். நான் ஒரு தடவையும் கையை நிறுத்தவில்லை. "என்னடி, ஒண்ணும் தைக்கலையா?" என்று கேட்டுவிட்டு அடித்தார், திருத்தி எழுதினார், மறுபடி அடித்தார். அவருடைய கடைசித் தொடர் சப்பென்று இருந்ததாக உங்களில் சிலர் வருத்தப்பட்டு எழுதினீர்கள். அதில் அடிபட்டுப்போன வரிகளைக் கேட்டவள் நான் ஒருத்திதான். கை நின்றிருக்க வேண்டிய வரிகள் பல இருந்தன. கட்டைவிரலைக் குழவியில் அழுத்திக்கொண்டு ஆட்டினேன். மாமி நன்றாக எழுதுகிறவர். நல்ல வார்த்தை கேட்டீர்களே, என்னிடம் இருப்பது இதுதான்.

அவருக்கு ஒன்று மட்டும் கடைசிவரை உறுத்திக்கொண்டே இருந்தது. செருப்புத் தொடர் முடிந்து, புத்தகமாக வந்த பிறகும் விடவில்லை. சாவதற்கு முந்தின வாரம் படுக்கையில் இருந்தபடி மறுபடி கேட்டார். "நான் எழுதினது சரியான்னு தெரியணும்டி. அன்னிக்கு அவ செருப்பு போட்டுண்டிருந்தாளா, இல்லியா? சொல்லேன்." அன்றைக்கு முதல்முறையாக என் பெயரைச் சொல்லி அழைத்தார்.

"ஞாபகம் இல்ல மாமி" என்றேன்.

எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மாமி சொல்லிக் கொடுத்தபடி நான் அன்றைக்கு அக்காவின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ரயில் பெட்டியின் படியில் ஏறும்வரை பார்த்தேன். மாமியிடமிருந்து எனக்கென்று மிச்சம் இருப்பது அந்தப் பார்வையும், அவருக்குக் கொடுக்காத அந்தப் பதிலும்தான். அதை இங்கேயும் எழுதப் போவதில்லை.