ஓட்டுநர் அட்டையின் பின்பக்கம்

ரெஜ் பிளென்கின் பட்டியல் போடாமல் பல்கூடத் தேய்க்க மாட்டார். ஹல் நகரத்தில் முப்பத்தாறு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு நாளும் ஒரு நிமிஷம்கூடத் தாமதித்ததில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். மறுத்துப் பேச அந்தக் காலத்துப் பயணிகள் யாரும் பக்கத்தில் இல்லாதது அவருக்கு வசதி. இப்போது ஹெடனில் குடியிருக்கிறார். வீட்டு முன்பக்கத்தை முழுக்க அடைத்துக்கொண்டு அவருடைய கேம்பர் வேன் நிற்கும். கட்டில், அடுப்பு, கழிப்பறை என்று உள்ளே ஒரு சின்னக் குடித்தனமே நடத்தலாம். சாமான்களோடு மூவாயிரத்து எண்ணூற்றைம்பது கிலோ வரை அதற்கு அனுமதி. இந்தக் கணக்கு அவருக்குத் தன் கல்யாண நாளைவிட நன்றாக நினைவிருக்கும்.

அந்தப் பகுதியில் கேம்பர் வேன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. மாதம் ஒரு வியாழக்கிழமை சர்ச் கூடத்தில் தேநீரும் பிஸ்கட்டுமாகக் கூடுவார்கள். ஏப்ரல் மாதக் கூட்டத்தில் ரெஜ்தான் பேச்சாளர். வெளிநாட்டுக்கு வண்டி கொண்டுபோகிறவர்கள் செய்யவேண்டிய நாற்பத்தியொரு காரியங்களை அச்சடித்துக் கையில் கொடுத்து, ஒவ்வொன்றாகப் படித்தும் காட்டுவார். தூங்கினால் பெயர் சொல்லி எழுப்புவார்.

இந்த வருஷம் அந்தப் பட்டியல் அவருக்கே தேவைப்பட்டது. மே இரண்டாம் தேதி ஹல் துறைமுகத்திலிருந்து ராட்டர்டாமுக்குக் கப்பல். அங்கிருந்து ஹாலந்தின் உள்ளே தெவென்டர் என்ற ஊர். அவருடைய மனைவி அவ்ரிலுக்குப் பதிமூன்று வயதில், பள்ளிக்கூடம் ஏற்பாடு செய்து கொடுத்த பேனா நண்பி டினிகே அங்கேதான் இருக்கிறாள். ஐம்பத்தைந்து வருஷமாக இரண்டு பேரும் கடிதம் எழுதிக்கொள்கிறார்கள், ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. அவ்ரில் ஒவ்வொரு கோடையிலும் கேட்பாள். ரெஜ் ஒவ்வொரு கோடையிலும் அடுத்த வருஷம் என்பார். பிரான்சில் வெயில் நன்றாக இருக்கிறது, ஹாலந்துக்குப் போய் மழையில் நனைவானேன் என்பார். போன கிறிஸ்துமஸுக்கு வந்த கடிதத்தில் எழுத்துகள் கட்டைவிரல் பருமனில் இருந்தன. கண் வேகமாக மங்கி வருகிறது, கோடைக்குள் வந்தால் உன் முகத்தைப் பார்த்துக்கொள்வேன் என்று டினிகே எழுதியிருந்தாள். அதற்கு மேல் ரெஜால் அடுத்த வருஷம் என்று சொல்ல முடியவில்லை.

ஆனால் ஏற்பாடு என்று இறங்கிவிட்டால் அவரைப் பிடிக்க முடியாது. அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதால், முகப்பு விளக்கு எதிரே வருகிறவர்களின் கண்ணைக் குத்தாமலிருக்க ஒட்டும் வில்லைகளை அளவெடுத்து ஒட்டினார். நாட்டுப் பெயர் போட்ட ஒட்டுச்சீட்டு, எச்சரிக்கை முக்கோணம், மஞ்சள் மேலங்கி எல்லாம் எடுத்து வைத்தார். அக்கரைக்கு இறைச்சியும் பாலும் கொண்டுபோகக் கூடாது என்று அவ்ரில் கட்டி வைத்த பன்றிக்கறியையும் செடார் பாலாடைக்கட்டியையும் பிரித்து வெளியே வைத்தார். பிறகு குளியலறைத் தராசைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, சட்டிபானை முதல் தலையணை வரை ஒவ்வொன்றையும் தூக்கிப் பிடித்து அதன்மேல் நிற்கும்படி அவ்ரிலிடம் சொல்லி எடை பார்த்தார். டினிகேயின் கடிதங்கள் இருந்த பெட்டி ஆறு கிலோ காட்டியது. படம் எடுத்துப் போனில் வைத்துக்கொண்டால் போதாதா என்றார். அவ்ரில் பெட்டியைத் திரும்ப அலமாரிக்கே கொண்டுபோனாள்.

பட்டியலில் பதினேழாவது, ஓட்டுநர் அட்டையை இரண்டு பக்கமும் நகல் எடுப்பது. ஞாயிற்றுக்கிழமை மதியம் முன்பக்கத்தை எடுத்துவிட்டு அட்டையைத் திருப்பினார். பின்பக்கத்தில் எந்தெந்த வண்டியை எதுவரை ஓட்டலாம் என்று வரிசையாகத் தேதிகள் இருக்கும். மூவாயிரத்து ஐந்நூறு கிலோவுக்கு மேற்பட்ட வண்டிக்கு எதிரே இடம் வெறுமையாக இருந்தது.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். வெறுமைதான்.

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. பிப்ரவரியில் எழுபது முடிந்தது. எழுபதுக்கு அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். சின்ன வண்டிக்குக் கணினியிலேயே செய்துவிடலாம். பெரிய வண்டி தொடர்ந்து வேண்டுமென்றால் டாக்டர் பரிசோதித்து எழுதிக் கொடுத்த படிவத்தோடு தபாலில் அனுப்ப வேண்டும். இந்த விதியைச் சங்கத்தில் அத்தனை பேருக்கும் பாடம் எடுத்த மனிதர், பிப்ரவரியில் ஒரு நாள் காலைத் தேநீர் ஆறுவதற்குள் கணினியில் தட்டி முடித்துவிட்டு, அரசாங்க வேலைகூட இப்போதெல்லாம் எவ்வளவு சுலபம் பார் என்று அவ்ரிலிடம் பீற்றிக்கொண்டார். திரையில் எச்சரிக்கை கட்டாயம் வந்திருக்கும். எழுபது வந்தும் கண்ணும் கையும் எப்படி ஓடுகின்றன என்ற மிதப்பில் அதைப் படிக்காமல் சம்மதம் என்று அழுத்திவிட்டார். அதன் பிறகு இரண்டு முறை வண்டியை விட்பி என்ற கடற்கரை ஊர் வரை ஓட்டியிருக்கிறார். நடுவில் யார்மீதாவது இடித்திருந்தால் காப்பீடு ஒரு காசுக்கு ஆகாது.

அவரை அதைவிட உறுத்தியது கிளிஃப் ஸ்டாதர்ஸ்தான்.

போன செப்டம்பரில் ஹார்ன்ஸீ கடற்கரையில் சங்கத்து வண்டிகள் முகாமிட்டிருந்தபோது, எழுபத்தியொரு வயது கிளிஃப் இதே தப்பைச் செய்திருந்தது பேச்சுவாக்கில் வெளியே வந்தது. தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ரெஜ் சாயங்காலம் எல்லாரும் நாற்காலி போட்டு உட்காரும்வரை காத்திருந்தார். பிறகு முப்பது பேருக்கு முன்னால் கிளிஃப்பை எழுந்து நிற்கச் சொல்லி, வண்டிச் சாவியைக் கேட்டு வாங்கினார். பஸ் டிப்போவில் இப்படி ஒருத்தன் இருந்திருந்தால் வாசலிலேயே சீருடையைக் கழற்றியிருப்பேன் என்று சொன்னார். சிலர் கைதட்டினார்கள். கிளிஃப்பின் மகன் வந்து வண்டியை ஓட்டிப் போனான். அதன் பிறகு கிளிஃப் சங்கத்துப் பக்கம் வரவில்லை. அந்தக் கைதட்டல் ரெஜுக்கு அப்போது எவ்வளவு இனித்தது என்பது இப்போது நினைவுக்கு வந்து, தனியாக இருந்த அறையிலேயே முகம் சுட்டது.

திங்கட்கிழமை டாக்டரின் கிளினிக்குக்குப் போன் செய்தார். பரிசோதனைக்கு மே கடைசியில்தான் இடம் என்றார்கள். அடுத்து வந்த யோசனையைச் சொல்லவே கூசுகிறது. கப்பலில் அட்டையை யார் திருப்பிப் பார்க்கப்போகிறார்கள்? கடவுச்சீட்டைத்தான் பார்ப்பார்கள். பேசாமல் ஓட்டிக்கொண்டு போய் வந்துவிட்டால் என்ன? நாற்பத்தியொரு விதி சொல்லும் ரெஜ் பிளென்கின் முழுதாக ஒரு நாள் இதைத்தான் யோசித்தார். சமையலறையில் அவ்ரில் போனைப் பார்த்து டச்சு வார்த்தைகள் பழகிக்கொண்டிருந்தாள். கெட்டிலுக்குக் காலை வணக்கம் சொன்னாள், கதவுக்கு நன்றி சொன்னாள். அவர் செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை மனசு கேட்கவில்லை. சின்னக் காரை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கிராமத்தில் கிளிஃப் வீட்டுக்குப் போனார். கிளிஃப் வண்டியின் கூரையைக் கழுவிக்கொண்டிருந்தார். ஏணியில் நின்றபடியே குனிந்து பார்த்தார், இறங்கவில்லை. ரெஜ் கீழே நின்று தலையை அண்ணாந்து எல்லாவற்றையும் சொன்னார். எதையும் கேட்டு வந்ததாக அவருக்கே தோன்றவில்லை. சொல்ல வேறு ஆள் இல்லை என்பதுதான் உண்மை.

கிளிஃப் தூரிகையை வாளியில் போட்டுவிட்டு இறங்கினார். தனக்கு டாக்டர், தபால் எல்லாம் சேர்த்து ஒன்பது வாரம் ஆயிற்று என்றார். சிரிப்பார் என்று ரெஜ் எதிர்பார்த்திருந்தார். சிரித்திருந்தால் தேவலாம்.

"ஹார்ன்ஸீயில அது நடந்த மறுநாளே அவ்ரில் ஒரு கேக் எடுத்துக்கிட்டு வந்தா" என்றார் கிளிஃப். "நீதான் குடுத்து அனுப்பினேன்னு சொன்னா. நேர்ல வர நீ வெக்கப்படுறதாவும், மன்னிப்புக் கேட்டதாவும் சொன்னா."

ரெஜுக்கு இது புதுச் செய்தி.

"நான் நம்பல" என்றார் கிளிஃப். "ஆனா அவ மொகத்தப் பாத்துட்டு நம்புன மாதிரி வாங்கிக்கிட்டேன். சரி, அவளுக்கு என்ன வயசு?"

"அறுபத்தெட்டு."

"அப்ப அவ அட்டையத் திருப்பிப் பாருய்யா. அவ அந்தக் காலத்துலயே லைசென்ஸ் வாங்குன ஆளு, எழுபது வரைக்கும் இந்த வண்டிய தாராளமா ஓட்டலாம். நீதான எங்களுக்கெல்லாம் பாடம் நடத்தினே?"

ஆமாம், அவர்தான் நடத்தினார். மூன்று நாளாகக் கப்பல்காரனை ஏமாற்றுவதுவரை யோசித்த மூளைக்கு, கூடவே இருக்கிற பெண்ணுக்கு ஓட்டத் தெரியும் என்பது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

வீட்டில் அவ்ரிலை மேசைக்கு எதிரே உட்காரச் சொல்லி, அட்டையைப் பின்பக்கம் தெரிய வைத்து, நடந்ததைச் சொன்னார். மூன்று நாள் மறைத்ததையும், மறைத்தே ஓட்டிவிடலாமா என்று பார்த்ததையும் விடாமல் சொன்னார். கேக்கைப் பற்றித் தெரியும் என்றும் சொன்னார். அவ்ரில் அட்டையைக் கையில் எடுக்கவில்லை. உன்னால் ஓட்ட முடியுமா என்று அவர் தயங்கிக் கேட்டபோதுதான் நிமிர்ந்தாள்.

"நான் ஓட்டத் தெரியாதவ இல்ல, ரெஜ். நீ பக்கத்துல ஒக்காந்து கத்துறதக் கேட்டுக்கிட்டே ஓட்டத் தெரியாதவ."

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வண்டி வாங்கிய புதிதில் ஒரே ஒரு நாள் அவள் ஓட்டினாள். பஸ் டிப்போவில் புது ஆட்களை விரட்டும் குரலில் அவர் மூன்று மைல் கத்தினார். அவள் ஓரம் கட்டி, இறங்கி, சுற்றி வந்து மறுபக்கத்தில் உட்கார்ந்தாள். அதோடு சரி. பயந்துவிட்டாள் என்றுதான் அவர் இத்தனை காலமும் எண்ணியிருந்தார்.

"பழகிக்கிறேன்" என்றாள் அவ்ரில். "உங்கிட்ட இல்ல. கிளிஃப்கிட்ட."

காப்பீட்டுக்காரனுக்கு அவளே போன் செய்து தன் பெயரைச் சேர்த்தாள். புதன்கிழமை காலை கிளிஃப் வந்தார். இரண்டு பேரும் பழைய விமானத் திடலுக்கு வண்டியை எடுத்துப் போனார்கள். போவதற்கு முன் அவ்ரில் கடிதப் பெட்டியைக் கொண்டுவந்து வண்டிக்குள் வைத்தாள். தராசு கூடத்திலேயே கிடந்தது, யாரும் அதைத் தொடவில்லை. ரெஜ் ஜன்னலோரம் நின்று, திரும்பி வரும் சத்தத்துக்காக ஒன்றரை மணி நேரம் காது கொடுத்தார். வந்ததும் அவள் வண்டியைப் பின்பக்கமாகவே ஒரே வீச்சில் கொண்டுவந்து சுவருக்கும் வேலிக்கும் நடுவில் நிறுத்தினாள். அவருக்கு எப்போதும் மூன்று வீச்சு வேண்டும்.

வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு சபலம் வந்தது. அவ்ரில் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். அவரும் போட்டுக்கொண்டார். கிளிஃப் ஏழு மாதத்துக்குப் பிறகு வந்திருந்தார், கடைசி வரிசையில் அவ்ரிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ரெஜ் எழுந்து, நாற்பத்தியொன்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு, பதினேழாவதைப் பற்றி மட்டும் பேசினார். பிப்ரவரியிலிருந்து இந்த வண்டியை ஓட்டும் உரிமை தனக்கு இல்லை என்றார். தெரியாமல் ஓட்டியதை ஒப்புக்கொண்டார். ஹார்ன்ஸீயில் கிளிஃப்பை நிற்க வைத்தது அக்கிரமம், அந்தக் கைதட்டலுக்காகத்தான் அதைச் செய்தேன் என்றார். கூடத்தில் பிஸ்கட் கடிக்கும் சத்தம்கூட இல்லை. கிளிஃப் மெல்லத் தலையசைத்தார். அந்த அளவில் எல்லாம் நல்லபடியாகவே போயிற்று.

அப்போது முன்வரிசையில் இருந்த பொருளாளர் அம்மாள் பரிவோடு கேட்டாள், அப்படியானால் ஹாலந்துப் பயணம் நின்றுவிட்டதா என்று.

"இல்ல" என்றார் ரெஜ். "போறோம். அவ்ரில் ஓட்டுறா."

கூடம் முழுக்கச் சிரித்தது. இறுக்கம் விட்டுப்போன நிம்மதியில், கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். ஒருவர் தொடையைத் தட்டினார். அவர்கள்மேல் தப்பில்லை. பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு முகாமிலும், பேச்சு தொய்கிற நேரமெல்லாம், அவ்ரில் ஓட்டினால் ஊரிலுள்ள வேலிக்கெல்லாம் காப்பீடு எடுக்க வேண்டும், அவ்ரில் ஓட்டினால் பாதிரியாரையும் கூட்டிப்போக வேண்டும் என்று ரெஜ் சொல்லிச் சொல்லி, அவளுடைய பெயரையும் ஓட்டுவதையும் சேர்த்துக் கேட்டாலே சிரிக்க வேண்டும் என்று அவர்கள் பழகியிருந்தார்கள்.

இது தமாஷ் இல்லை என்று அவர் சொன்னார். அதற்கும் சிரித்தார்கள். கடைசி வரிசையில் அவ்ரில் தேநீர்க் கோப்பையை மடியில் இறக்கி வைத்துக்கொண்டு, எப்போதும் இந்த இடத்தில் வைத்துக்கொள்ளும் அதே சின்னப் புன்னகையை முகத்தில் வைத்திருந்தாள். அது புன்னகை இல்லை என்று ரெஜ் பார்த்தது அன்றுதான்.