ஷைனியின் பூட்ஸில் வலை முடிச்சு

“என்னக் கேட்டா மாமு, எந்த காலேஜ்ல ஒயுங்கான கிரவுண்டு இல்லியோ அந்த காலேஜ்தான் பெஸ்ட்டு. சம்பளத்துக்கு ஆடுற பிளேயருங்கோ அங்கருந்துதான் வருவாங்கோ. வேணா பாரு!” என்றேன்.

உசேன் என்னிடம் அதைக் கேட்கவே இல்லை. டீயில் சர்க்கரை போடட்டுமா என்றுதான் கேட்டான். ராயபுரம் ஸ்டேஷன் பக்கத்தில் அவனுக்கு டீக்கடை. முப்பது வருஷமாக என் தோஸ்து.

“சக்கர வேணுமா வேணாமா? அத்த சொல்லு மொதல்ல.”

“பேத்தி பொறந்து கீறா. ரெண்டு ஸ்பூனா போடு.”

“அஞ்சு மாசமா இதையே சொல்லிகினு கீற. சுகர் வந்தா பாப்பா மேல கேஸ் போடுவியா?” என்றவன், டீயை ஆற்றிக்கொண்டே என் பேச்சுக்கும் பதில் சொன்னான். “பெரிய புல்லு கிரவுண்டு, ஜிம்மு, ஆஸ்டலு எல்லாம் வச்சிகினு கீறானே தாம்பரம் பக்கத்து காலேஜ்காரன், அவன் அனுப்புற ஆளுங்கதான்பா எல்லா கிளப்லயும் ஆடுது. உன் பொண்ணு காலேஜ்ல கோல் போஸ்ட்டு கூட கெடையாது. உதாரு வுடாத.”

கோல் போஸ்ட் இல்லை என்பது உண்மைதான். என் மகள் ஷைனி படித்தது திருவொற்றியூரில் ஒரு சின்ன பெண்கள் கல்லூரி. மூன்று மாடிக் கட்டடம், கீழே சைக்கிள் நிறுத்த இடம், அவ்வளவுதான். அந்தக் கல்லூரியின் கால்பந்து டீம் ஞாயிற்றுக்கிழமைகளில் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் போகும். அன்றைக்கு லாரி வராது. லாரி நிற்கிற மைதானம் காலியாகக் கிடக்கும்.

ஆனால் அங்கே தரையெல்லாம் இரும்பு. வெட்டுத் துண்டு, கம்பி முனை, சுருள் சுருளாகச் சீவல். அதனால் ஆட்டத்துக்கு முன்னால் பெண்கள் பழைய ஸ்பீக்கர்களின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி, ஆளுக்கொரு பக்கமாகத் தரையில் இழுத்துக்கொண்டு நடப்பார்கள். முதல் தடவை அதைப் பார்த்தபோது, வலை இழுக்கிறார்கள் என்றே நினைத்தேன். காந்தம் திரும்பி வரும்போது முள்ளம்பன்றி மாதிரி இருக்கும்.

எவ்வளவு இழுத்தாலும் எல்லாம் வந்துவிடாது. விழுந்தால் தோல் கிழியும். மற்ற ஊர்களில் தடுப்பாட்டக்காரர்கள் சர்ரென்று சறுக்கி விழுந்து பந்தைப் பறிப்பார்கள். ஷைனி விழாமலே பந்தெடுக்கக் கற்றுக்கொண்டாள். எதிரி பந்தோடு வருவாள். இவள் பக்கத்திலேயே ஓடுவாள், முட்ட மாட்டாள், இடிக்க மாட்டாள். அடுத்த நொடி பந்து இவள் காலில் இருக்கும். எப்படி வந்தது என்று பெற்ற எனக்கே தெரியாது. துறைமுகத்தில் சரக்கு இறக்கும் கலாசியாக இருந்தபோது எவ்வளவோ கப்பலைப் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறேன். அதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

அந்தச் சின்னக் கல்லூரியிலிருந்து நாலு பெண்கள் சம்பளத்துக்கு ஆடுகிற கிளப்புகளுக்குப் போனார்கள். ஐந்தாவது ஷைனி என்று இருந்தது. பெங்களூரில் ஒரு கிளப் கூப்பிட்டபோது அவள் முழுகாமல் இருந்தாள். “குழந்தை பிறக்கட்டும், ஒரு தடவை வந்து ஆடிக் காட்டு” என்றார்கள். ஒரே ஒரு தடவை. அவளுக்கு இருபத்தாறு நடக்கிறது. இதை விட்டால் அடுத்த வருஷம் இளசுகளைத்தான் எடுப்பார்கள். இது அவளுக்கும் தெரியும், அவள் புருஷன் ஜெரிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பிரசவத்துக்குப் பிறகு என் மனைவி சிலுவையம்மாள் பால் சுறா புட்டாகச் செய்து அவளுக்குப் போட்டாள். வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். டாக்டரம்மா ஓடலாம் என்று சொன்ன மறுநாளே ஷைனி கடலோரக் கருங்கல் பக்கமாக ஓட ஆரம்பித்தாள். முதல் வாரம் மூச்சு வாங்கிப் பாதியில் குந்திவிட்டாள். நாலாவது வாரம் ஜெரி பைக்கில் கூடவே போக வேண்டியிருந்தது.

டிரையலுக்கு இரண்டு நாள் முன்னால் அவள் பூட்ஸ் சோல் வாய் பிளந்தது. ஒரு வருஷமாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்த பூட்ஸ். கடல் காற்றில் பசை செத்துப்போயிருந்தது.

“புச்சு வாங்கிக்கலாம்மா” என்றான் ஜெரி.

“புச்சு கால கடிக்கும். பழக்க டைம் இல்ல. இதான் என் காலு மாதிரி கீது.”

“இங்க குடு” என்றேன் நான்.

கப்பல் வேலைக்குப் போவதற்கு முன்னால் காசிமேட்டில் வலை கட்டியவன் நான். நைலான் நூலை எடுத்து, சோலையும் மேல்தோலையும் சேர்த்துச் சுற்றிலும் தைத்து, வலைக்குப் போடுகிற முடிச்சையே போட்டேன். இழுத்துப் பார்த்தேன். சுறா மாட்டினாலும் அவிழாது. அன்று நான் வீட்டில் நடந்த நடையைப் பார்த்து, “பூட்ஸ் கம்பெனி ஓனரு வராரு, வயி வுடுங்கோ” என்றாள் சிலுவையம்மாள்.

டிரையல் அன்று பெங்களூர் கிளப்பின் புல் மைதானத்துக்கு அப்போதுதான் தண்ணீர் அடித்திருந்தார்கள். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நான் கோட்டோரம் நின்றேன். எதிர் டீமில் மதி என்று ஒரு பெண், சரியான வேகம். தாம்பரம் பக்கத்துக் கல்லூரியின் பனியன் போட்டிருந்தாள், உசேன் சொன்ன அதே கல்லூரி. பாதி ஆட்டத்துக்குள் மூன்று தடவை பந்தோடு வந்தாள். மூன்று தடவையும் ஷைனி விழாமல் எடுத்தாள். கிளப் கோச் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் பாப்பாவின் காதில், “பாரு, உங்கம்மாவப் பாரு” என்றேன். அவள் கொட்டாவி விட்டாள்.

அப்புறம்தான் ஷைனி நொண்டுவதைப் பார்த்தேன்.

இடைவேளையில் வந்து உட்கார்ந்து, துண்டைப் போர்த்திப் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். முகம் வெளுத்திருந்தது. “நைனா, பூட்ஸு கால நெரிக்குது. கயட்ட வரல.” வெள்ளை சாக்ஸில் ரத்தம்.

எனக்குப் புரிந்துவிட்டது. வலை முடிச்சு இழுக்க இழுக்க இறுகும். அவள் ஒவ்வொரு தடவை உதைக்கும்போதும் நூல் இழுத்திருக்கிறது, முடிச்சு இறுகியிருக்கிறது, தோல் சுருங்கிக் காலைப் பிடித்திருக்கிறது. மீனுக்குப் போடுகிற முடிச்சை மகள் காலுக்குப் போட்டிருக்கிறேன்.

கத்தி இல்லை. மண்டி போட்டு நூலைப் பல்லால் கடித்தேன். கடைசி நூல் அறுந்ததும் பூட்ஸ் கழன்றது, சோல் தனியாக வந்தது. ஷைனி அதைக் கையில் வைத்துப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். பிள்ளையை மறு பக்கம் மாற்றிப் போட்டாள், அவ்வளவுதான்.

அந்த மதி வந்து நின்றாள். “என்ன மாத்திட்டாங்கக்கா, ரெண்டாவது பாதி நான் ஆடல. என் பூட்ஸ போட்டுக்கோங்க. ஒரு சைஸ் பெருசு.” கழற்றிக் கீழே வைத்தாள். “ஆனா ஒண்ணு சொல்லுங்க. நீங்க ஏன் வியவே மாட்றீங்க?”

“வியுந்தா ஆணி குத்தும்” என்றாள் ஷைனி.

மதிக்குச் சிரிப்பு. “எங்க வியாசர்பாடிலயும் கண்ணாடி கெடக்கும்கா.”

தாம்பரம் பக்கத்துக் கல்லூரி கொண்டுபோன பிள்ளையும் நம்ம பக்கத்துப் பிள்ளைதான். உசேனிடம் இதை எப்படிச் சொல்வது என்று அங்கேயே யோசித்தேன்.

ஷைனி எங்கள் பையில் இருந்து பாப்பாவின் இடுப்புத் துணி இரண்டை எடுத்து, பூட்ஸின் முனையில் திணித்துக்கொண்டு மைதானத்துக்குள் போனாள். இரண்டாவது பாதி முழுக்க ஆடினாள். ஒரு தடவை கூடத் தரையைத் தொடவில்லை. மதி என் பக்கத்தில் வெறுங்காலோடு உட்கார்ந்து, பாப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, “ஐயோ, அத்த எப்டி எடுத்தாங்க!” என்று கத்திக்கொண்டே இருந்தாள். நானும் கத்தினேன். ஆட்டம் முடிந்ததும் கோச் ஷைனியிடம் போன் நம்பர் மட்டும் வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு வீட்டில் போன் அடித்தால் எல்லாரும் எழுந்து ஓடினோம். எடுப்பார்களா என்பது ஒன்று. எடுத்தாலும் பிள்ளையை விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்று ஷைனி முன்பே சொல்லியிருந்தாள், அது இன்னொன்று. உசேன் கூட அந்த நாட்களில் என்னோடு வாக்குவாதம் செய்யவில்லை. கேட்காமலே இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டான்.

இன்று காலை போன் வந்தது. ஷைனி மாடிப்படியில் நின்று பேசினாள். “சரி சார்” என்பது மட்டும்தான் எங்களுக்குக் கேட்டது. இறங்கி வந்தவள் என் மடியிலிருந்து பாப்பாவை வாங்கிக்கொண்டாள். கண் இரண்டும் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

“பாப்பாவயும் இட்டுனு வர சொல்லிட்டாங்க நைனா, கூட ஒரு ஆளு தங்கிக்கலாமாம். நீ வா. ஆனா அந்த நூலு உருண்டய மட்டும் இங்கியே வச்சுட்டு வா.”