பத்து மூச்சு

பம்மலிலிருந்து தாம்பரம் போகும் ஷேர் ஆட்டோ மதுக்கடை எதிரே நிற்கிறது. ஓட்டுநர் கண்ணை மூடிக்கொள்கிறார். நான் ரயிலைப் பிடிக்க வேண்டும், எரிச்சலாக வருகிறது. மற்றவர்கள் பழகியவர்களாகக் காத்திருக்கிறார்கள். மடியில் பூக்கூடை வைத்திருக்கும் பெண், "பத்து மூச்சுதான், கம்முனு இரு சார்" என்கிறாள்.

அவர் கண் திறந்ததும் கேட்கிறேன்.

"இங்க எதுக்குண்ணா நிறுத்துறீங்க?"

"இந்தக் கடையப் பாத்தா குடிக்கத் தோணும் சார். ஆசை வந்தா ஓடாத, ஒக்காந்து அத்தப் பாருன்னு யோகா கிளாஸ்ல சொன்னாங்க. பொண்டாட்டிதான் அங்க சேத்துவுட்டா."

"பாத்தா போய்டுதா?"

"குடிக்கிற ஆசை போய்டுது." வண்டியைக் கிளப்புகிறார். "அவ செத்துட்டா சார். அவள இன்னொரு தபா பாக்கணும்னு வருதே, அதுக்குத்தான் பத்து மூச்சு பத்தல."