டெல்மரின் மைக்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். பேய்க் கதை விட்டு எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. இதை வாயால் சொல்ல முடிந்திருந்தால் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

என் பெயர் க்ளென். 'காப்பர் ஹவுண்ட்' என்ற ராக் இசைக்குழுவின் பாடகன். எழுபதுகளில் ஒரே ஒரு பாட்டால் அமெரிக்கா முழுக்கக் கொடிகட்டிப் பறந்த குழு. அந்தப் பாட்டைப் பாடியது நானில்லை, டெல்மர். அவன் செத்த பிறகு அவன் இடத்துக்கு வந்தவன் நான். பெரிய அரங்கங்கள் எல்லாம் எப்போதோ போய்விட்டன. இப்போது விவசாயக் கண்காட்சிகளில், ராட்டினத்துக்கும் பன்றிக் கொட்டகைக்கும் நடுவில் பாடுகிறோம். வருகிறவர்கள் என் பெயரைக்கூடக் கேட்பதில்லை. "அப்படியே டெல்மர் மாதிரி பாடறீங்க" என்பார்கள். எனக்குக் கிடைக்கிற பாராட்டே அதுதான்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. நடுமேடையில் மைக் ஸ்டாண்ட் எப்போதும் டெல்மரின் உயரத்திலேயே நிற்கும். அவன் நினைவாக. யாரும் அதை மாற்றக்கூடாது. அவன் குள்ளன், நான் நெட்டை. ஆறு வருஷம் கூனிக் கூனியே பாடித் தொலைத்தேன்.

அந்தக் கோடையில் என் தொண்டை கைவிட்டுவிட்டது. பாட்டின் கடைசியில் நீளமாக ஓர் அலறல் வரும். கூட்டம் அதற்காகத்தான் காத்திருக்கும். மூன்று ஊர்களில் தொடர்ந்து அது வரவில்லை. கிடார் வாசிக்கும் டென்னிதான் குழுவுக்கு முதலாளி. மிச்சிகனில் ஒரு மைதானத்தில் வேனை விட்டு இறங்கியதும் என்னைத் தனியே இழுத்துப் போனான்.

"டேய் க்ளென், மூஞ்சிக்கு நேராவே சொல்லிடறேன். இன்னிக்கும் அது வரலேன்னா நீ வீட்டுக்குப் போயிடு. க்ளீவ்லாண்ட்ல ஒருத்தன் ரெடியா இருக்கான்."

"எனக்கு வேற வேலை தெரியாதுடா."

"எனக்கு மட்டும் தெரியுமா?"

மாலை நாலு பத்து. ஒலிச் சோதனை. சுள்ளென்ற வெயில். இருக்கைகள் எல்லாம் காலி. கூனி நின்றால் தொண்டை மடங்கும், நிமிர்ந்தால் திறக்கும். பாடுகிறவன் எவனுக்கும் இது தெரியும். டென்னி அந்தப் பக்கம் நகர்ந்ததும் ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தினேன். என் வாய் உயரத்துக்கு ஏற்றி இறுக்கினேன். கண்ணை மூடி இரண்டு வரி பாடினேன்.

கழுத்து வலித்தது. கண்ணைத் திறந்தால்... கூனி நிற்கிறேன். மைக் பழைய உயரத்தில்!

திருகு பழசு என்று நினைத்துக்கொண்டு மறுபடி ஏற்றினேன். பலம்கொண்ட மட்டும் இறுக்கினேன்.

க்ரீ...ச்.

கண்ணெதிரே இறங்கியது. மெதுவாக. யாரோ பிடித்து இறக்குவதுபோல.

காலடி ஸ்பீக்கரில் என் குரலோடு இன்னொரு குரலும் கேட்டது.

"மெர்ல், கூட யாரு பாடறது?" ஒலிக்காரனிடம் கேட்டேன்.

"ஒரு மைக்தான் ஓடுது தலைவா. வெயில்ல மண்டை காஞ்சிடுச்சா?"

ஓடிவிடத்தான் தோன்றியது. எங்கே ஓடுவது? வேலை போய்விடுமே. ஏழரைக்கு மேடை ஏறினேன். கடைசிப் பாட்டு. அந்த இடம் வந்தது. வாயைத் திறந்தேன்.

வெறும் காற்றுதான் வந்தது.

ஆனால்... மைதானம் முழுக்க அந்த அலறல் எழுந்தது.

நான் அலறவில்லை.

பிடரியில் ஈரமாக ஒரு மூச்சு...

கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. டென்னி கண் கலங்கி என்னைக் கட்டிக்கொண்டான். "டெல்மரேதான்டா!" என்றான். பதில் சொல்ல வாயெடுத்தேன். குரல் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. மேடையில் மட்டும் வருகிறது. க்ளீவ்லாண்ட்காரனை டென்னி மறந்தே போனான். என் வேலை பிழைத்துவிட்டது.

நடந்ததை ஒரு தாளில் எழுதி அவனிடம் நீட்டினேன். படித்ததும் அவன் முகம் வெளுத்துப் போயிற்று.

"கடைசி நாலு வருஷம் அவனுக்குக் குரலே இல்லடா. வெளிய சொல்லாம குழுவையே மூடி வெச்சிருந்தோம். தொண்டையில புற்று. அறுத்து எடுத்துட்டாங்க. பெத்த பொண்ணோட சண்டை வேற. லெட்டர் போட்டா பிரிக்காமலே திருப்பிடுவா. ராத்திரி ஒம்பது மணியானா அவளுக்கு ஃபோன் போடுவான். மூச்சு மட்டும்தான் போகும். எவனோ வம்பு பண்றான்னு அவ வெச்சிடுவா. ஒரு வார்த்தை பேசாமலே போய்ச் சேர்ந்துட்டான்."

எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். கோரீன், பஃபலோவில். குரல் போனதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு மாதமாக அவளை அழைக்கவே இல்லை. போன திங்கட்கிழமை அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

"அப்பா, நீங்க தினமும் ஒம்பது மணிக்குப் பேசறது எவ்வளவு ஆறுதலா இருக்கு தெரியுமா? இப்படி மனசு விட்டு என்கிட்ட நீங்க பேசினதே இல்லப்பா."

"அது நான் இல்லம்மா" என்று அடித்து அனுப்பினேன்.

"சும்மா பயமுறுத்தாதீங்க. உங்க குரல் எனக்குத் தெரியாதா?"

அதன் பிறகு நான் அனுப்புவதை அவள் படிப்பதே இல்லை.

இரவு ஒன்பதானால் அவளை அழைத்துப் பார்க்கிறேன். என் மூச்சையாவது கேட்கமாட்டாளா என்று...

லைன் பிஸி.